கோப்பிமலைக்கு இரண்டு ரிக்கெற்

ஒரு ஊரில், ராசாவும் இல்லை ராணியும் இல்லை, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கத்தில் பிளேன் ரிக்கெற் விற்கிற ஒரு ஏஜென்சி இருந்தது. அதற்குள் நான் இருந்தேன். தான் காணாத ஊரைக் கண்ட மாதிரிச் சொல்லி மற்றவரை அனுப்பி வைப்பதுதான் அந்தத் தொழில். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரிக்கெற் விற்றாலும் சீலை விற்றாலும் வீடு விற்றாலும், வாங்கினவர் திரும்பி வந்து கதவைத் திறக்கும் வரைக்கும் உங்கள் வயிற்றிலும் அதே புளிதான் கரைந்திருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயது. மெல்லப் பேசுகிறவன். "கொஞ்சம் உரத்துச் சொல்லும் தம்பி" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது சொல்லுவார்கள். ஆனால் கதை கேட்டுக் கேட்டே சோறு தின்று வளர்ந்த பிள்ளை என்பதால், ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிற தீவை நேற்றுப் போய் வந்தவன் மாதிரிச் சொல்ல எனக்கு வரும். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

ஒருவரும் விற்காத இடம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எங்கள் சனம் பிளேன் ஏறுவதென்றால் ஒன்றில் கலியாணம், இல்லாவிட்டால் செத்தவீடு. லண்டன், பாரிஸ், சென்னை, கொழும்பு. அதே பிளாசாவில் இன்னும் இரண்டு ஏஜென்சிகள் அதே ஊர்களைத்தான் விற்றன. எங்கள் முதலாளி குகன் அண்ணை பிக்கரிங்கில் புதுவீடு வாங்கியிருந்தவர். ரெயினில் வந்து போகும்போது யோசிப்பார். ஒரு நாள் வந்து, சனத்துக்கு இப்போது சிற்றிசன் கிடைத்துவிட்டது, இனிச் சும்மா ஊர் பார்க்கவும் போகும், நாங்கள் ஹவாய் விற்போம் என்றார். அதுவும் கடற்கரை இல்லை. மலைச்சரிவில் கோப்பி விளைகிற ஒரு சின்ன ஊர்.

நூலகத்தில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எடுத்து, அந்த ஊரில் அதிகம் பேர் அறியாத இடங்களைத் தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன். சுவரும் தூணும் முழுக்கப் படம் கீறிய ஒரு சின்ன மரத் தேவாலயம். தூண்களே தென்னைமரம் போல, முகட்டில் நட்சத்திரம். கடலோரத்தில் பெரிய கருங்கல் மதில். நூறு வருசத்துப் பலசரக்குக்கடை ஒன்று. கோப்பிக் காய் காயவைக்கும் பரண். மழை வந்தால் அதன் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளி மூடுவார்களாம். கடற்கரையை விட்டுவிட்டு இதையெல்லாம் யார் போய்ப் பார்ப்பார்கள் என்று மெல்லக் கேட்டேன். அண்ணை பதில் சொன்னார்: "வெயிலில மண்ணில படுக்கிறதுக்கு எங்கட சனம் போகாதடா. பாக்க ஏதாவது இருக்கோணும், பாத்திட்டு வந்து மற்றவைக்குச் சொல்லவும் இருக்கோணும்."

மதில்

துண்டுப் பிரசுரத்தைத் தமிழ்க் கடைகளில், இலவசப் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். முதல் கிழமை ஏழு நாளும் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒருவர் மீன் வாங்கின பையோடு உள்ளே வந்தார். அகதிக் கேஸ் மூன்று வருசமாக இழுபடுகிறது என்று தானாகவே சொன்னார். பிரசுரத்தில் ஒரு பந்தியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கடலோர மதிலைப் பற்றி நான் எழுதியது அது: பழைய காலத்தில் என்ன குற்றம் செய்தவனும், ராசாவின் ஆட்கள் துரத்தத் துரத்த ஓடியோ நீந்தியோ அந்த மதிலுக்குள் வந்துவிட்டால் மன்னிப்புத்தான், பூசாரி சடங்கு செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மூன்று தரம் வாசித்தார். நான் ரிக்கெற் விலையைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. பையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்: "அப்ப அங்க ஹியரிங், விசாரணை ஒண்டும் இல்லையோ தம்பி? போய்ச் சேர்ந்தாலே காணுமோ?"

தலையாட்டல்

அடுத்ததாக வந்தவர் பத்மா அன்ரி. மோர்னிங்சைட்டில் இருப்பவர். கணவர் தர்மலிங்கம் அங்கிள் பெட்டி செய்கிற பக்ரறி ஒன்றில் வேலை. அன்ரி உள்ளே இருந்து கதைத்த முக்கால் மணித்தியாலமும் அங்கிள் வெளியே தங்கள் வான் வண்டியை ஸ்ராட்டில், எஞ்சினை நிற்பாட்டாமல் வைத்துக்கொண்டு இருந்தார். அன்ரி எல்லாம் கேட்டார். அரிசி வாங்கலாமா, மச்சம் மாமிசம் இல்லாமல் சாப்பாடு கிடைக்குமா, நடக்கிற தூரமா. நான் கதை சொன்னேன். கோப்பிப் பூவின் மணத்தைக்கூடச் சொன்னேன். அவர்கள் போகிற மாதத்தில் பூ இருக்காது, காய்தான் இருக்கும் என்று புத்தகத்தில் வேறொரு பக்கத்தில் கிடந்ததைப் பிறகுதான் கண்டேன்.

திடீரென்று, "நீர் அங்க போய்ப் பாத்தனீரோ?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து ஓம் என்று சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அன்ரிக்கு அது போதும், கையெழுத்துப் போட்டார். எழும்பும்போது குரலைத் தணித்து ஒன்று சொன்னார். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை: "ஒன்பது வருசமா லீவெடுக்காத மனுசனை அழுது பிடிச்சு ஒரு கிழமைக்குச் சம்மதிக்க வச்சிருக்கிறன் தம்பி. இது பிழையாப் போச்சுதெண்டா இவர் இனிச் செத்தாலும் லீவெடுக்கமாட்டார்."

நல்ல நேரத்தில் வெளிக்கிட்ட பை

பிளேன் சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு. அது ராகுகாலம். வேறு நாளில் ஆசனம் இல்லை. பத்மா அன்ரி அதற்கு வழி வைத்திருந்தார். ஆள் வெளிக்கிட முடியாவிட்டால் ஆளின் சாமான் ஒன்று நல்ல நேரத்தில் வாசற்படியைத் தாண்டிவிட்டால் போதும். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு சின்னக் கைப்பையைக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே வைத்தார். காலையில் தெரிந்தவர் வீட்டில் எடுப்பது போல வந்து எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் பத்து மணிக்குத்தான் திறப்போம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பழைய சீலையோ துவாயோ வைத்த பை, பயணம் முடிந்து வந்த பிறகுதான் எடுப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு என் வீட்டுக்குப் போன். பிளாசாவின் பொதுப் போனிலிருந்து அன்ரி. ஏஜென்சிக் கந்தோர் பூட்டிக் கிடக்கிறது. பைக்குள்ளே இரண்டு பாஸ்போட்டும் ரிக்கெற்றும். முக்கியமான சாமான்தானே முதலில் வெளிக்கிட வேண்டும்? பூட்டுத் திறப்பு பிக்கரிங்கில் அண்ணையிடம். குகன் அண்ணையைப் போன் எடுத்து எழுப்பினேன். கட்டியிருந்த சாரத்துக்கு மேலே குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு காரில் வெளிக்கிட்டார். நான் பஸ்ஸில் போய் இறங்கியபோது அன்ரி கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்து மேசைக்குக் கீழே தெரிந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிள் வானுக்குப் பக்கத்தில் நின்றார். காலில் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து. அவர் முகத்தில் கவலையே இல்லை. பிளேன் போய்விட்டால் பக்ரறியில் பின்னேர ஷிவ்ற் வேலைக்கு நேரம் இருக்கிறது என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்.

அண்ணை வந்து கதவைத் திறந்து, அவர்களையும் சாமானையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார். நான் பின்சீற்றில் பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு இருந்தேன். எட்டே காலுக்கு ஏயர்போட். கவுண்டரில் சாமானைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சோதனை மெஷின் அங்கிளின் சப்பாத்துக்குச் சத்தம் போட்டதால், அதைக் கழற்றிக் கையில் பிடித்தபடி போனார். அன்ரி மட்டும் திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியளோ, நல்ல நேரத்தில வெளிக்கிட்ட பை, ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்திட்டுது."

ஏற்றம்

திங்கட்கிழமை பின்னேரம் ஆறரைக்கு, மூடுகிற ஆயத்தத்தில் இருக்கும்போது போன் வந்தது. அங்கே அப்போது மத்தியானம். அன்ரியின் குரல் சிறுத்திருந்தது. அங்கிள் விடிய எழும்பி, தேநீரும் குடிக்காமல், தங்கியிருந்த வீட்டுக்குக் கீழே போகிற ரோட்டால் நடந்திருக்கிறார். இன்னும் வரவில்லை. வீட்டுக்காரப் பெண் காரோடு வெளியே போயிருக்கிறா. அந்த ரோட்டால் இறங்கினால் எங்கே போய் முடியும், இடையில் வீடுவாசல் இருக்கிறதா, நீர் போன ஆள்தானே, சொல்லும் என்றார்.

கடல்பக்கம் போகும் அன்ரி என்று சும்மா சொல்லியிருக்கலாம். எல்லா ரோட்டும் அங்கே கடல்பக்கம்தான் போகும். ஆனால் இதுவரை நான் சொன்ன பொய் ஒரு கதைக்கு உப்புப் போட்ட மாதிரி. இப்போது சொன்னால் அது ஒரு மனிதரைத் தேடிப் பிழையான பக்கம் அனுப்புகிற பொய். குகன் அண்ணை உள்ளறையில் இருந்தார். அவருக்குக் கேட்காமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, நான் அங்கே போகவேயில்லை, புத்தகத்தில் பார்த்து எழுதினது என்று அன்ரிக்குச் சொன்னேன். அன்ரி உரத்துச் சொல்லச் சொன்னார். உரத்துச் சொன்னேன். பிறகு அன்ரி ஆறுதலாகச் சொன்னார்: "எனக்கு நேற்றே விளங்கீட்டுது தம்பி, பதட்டத்தில கேட்டிட்டன். தேவாலயம் கூப்பிடு தூரம் எண்டு எழுதியிருக்கிறீர். இறங்க முக்கால் மணித்தியாலம், ஏற ரண்டு. போய் வந்த ஒருத்தன் அந்த ஏத்தத்தைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டான்."

கூரை தள்ளினவர்

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் செய்த வேலை, மிச்சமிருந்த பிரசுரங்களில் 'கூப்பிடு தூரம்' என்பதைப் பேனையால் வெட்டி 'கடும் ஏற்றம்' என்று எழுதியது. போன் அடிக்கிற ஒவ்வொரு முறையும் பேனை பிழைத்தது. யாரோ யோர்க்கில் இருந்து சென்னைக்குப் பிள்ளை ரிக்கெற் கேட்டார். எத்தனை வயதுப் பிள்ளை என்று நாலு தரம் கேட்டேன். குகன் அண்ணை என்னைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போ என்றார்.

நாலு மணிக்கு அன்ரி போன் எடுத்தார். ஆள் கிடைத்துவிட்டார். நடந்துகொண்டு போகும்போது மழை தூறத் தொடங்கியதாம். ரோட்டோரத் தோட்டத்தில் ஒரு கிழவர், ஜப்பான் வழி வந்தவர், தனியே நின்று பரணின் கூரையைத் தள்ளிக்கொண்டிருந்தாராம். தண்டவாளத்தில் ஓடுகிற சில்லு இறுகிவிட்டது, கோப்பிக்கொட்டை நனையப்போகிறது. அங்கிள் வேலியைத் தாண்டிப் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். கூரை நகர்ந்தது. மழை விட்டதும் திரும்பத் திறந்தார்கள். பிறகு சில்லுக்கு எண்ணெய் போட்டார்கள். பிறகு மரவாரியால் கொட்டையைக் கிளறினார்கள். அவருக்கு இவருடைய பாஷை தெரியாது, இவருக்கு அவருடைய பாஷை தெரியாது. இங்கிலீசும் இருவருக்கும் அவ்வளவுதான். மத்தியானம் அந்த வீட்டில் சோறும் ஊறுகாயும். வீட்டுக்காரப் பெண் காரில் தேடிப் போனபோது அங்கிள் சேர்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த இரும்புச் சப்பாத்தோடு, வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இன்றைக்கும் விடியப் போய்விட்டார். அன்ரிக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை: "மூண்டு பிளேன் மாறிக் கூட்டிக்கொண்டு வந்தனான் தம்பி, இந்த மனுசன் இங்கயும் ஷிவ்ற் எடுத்திட்டார்."

கவுண்டருக்கு வந்தவர்கள்

அடுத்த கிழமை வியாழக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். முதல் முறையாக அங்கிள் வானை நிற்பாட்டிவிட்டு உள்ளே வந்தார். கழுத்தும் கையும் கறுத்திருந்தன. குகன் அண்ணை எழும்பிக் கைகொடுத்து, எல்லாம் எங்கள் தம்பி சொன்னபடி இருந்ததோ என்று கேட்டார். என் காது சூடாகியது. நான் ஸ்ரேப்ளரைத் திறந்து மூடினேன். அன்ரி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அண்ணையிடம், தேவாலயத்துத் தூணெல்லாம் அப்படியே தென்னைமரம் என்றும், தான் ஒரு மணித்தியாலம் தனியே முகட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததாகவும், மதிலைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்ததாகவும் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை திருப்தியாக உள்ளறைக்குப் போய்விட்டார்.

அங்கிள் சேர்ட் பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். பக்ரறியின் லீவுப் படிவம். அடுத்த வருசத்துக்கு. சுப்பவைசர் இரண்டு தரம் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்ததாகச் சொன்னார். ஒரு கிழமை என்று போட்டதை வெட்டி, அங்கிள் தன் கையால் இரண்டு என்று எழுதியிருந்தார். கோப்பிக்காய் எந்த மாதத்தில் அதிகம் பழுக்கும் என்று கேட்டார். கூரையின் மற்றப் பக்கத்துச் சில்லையும் மாற்றவேண்டும், கிழவரால் தனியே ஏலாது என்றார். நான் வழிகாட்டிப் புத்தகத்தைத் தேடினேன். எனக்குச் சரியாகத் தெரியாது அங்கிள், விசாரித்துத்தான் சொல்லவேண்டும் என்றேன். அவர் அதற்குத் தலையாட்டிவிட்டு, படிவத்தைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு வானுக்குப் போனார்.

அன்ரி கைப்பையைத் தோளில் மாட்டினார். கதவுப்பிடியில் கை வைத்து நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவருக்கு அங்கேயே ரிக்கெற் போடும் தம்பி. எனக்கு வேற ஒரு இடம் பாரும், ஏத்தம் இல்லாததா, வேலை ஒண்டும் கிடைக்காததா." சொல்லிவிட்டு வெளியே போய், வானில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் சொன்ன இடத்துக்குப் போய், நாங்கள் சொல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, சனம் எங்களுக்கு நல்ல பெயர் தருகிற வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்குப் பெயர்தான் ரிக்கெற் வியாபாரம்.