ஓரகத்தி அளந்த வாய்க்கால்

என் சமையலறை ஜன்னல் கம்பியில் ஐம்பது அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுருட்டி மாட்டியிருக்கும். தரைமட்டம் பார்ப்பதற்காகக் கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்களே, அந்தக் குழாய்தான். காலையில் தோசைக்கல்லை எடுக்கக் கையை நீட்டினால் அது அவிழ்ந்து என் தோளில் விழும். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் மாவுப் பாத்திரத்தில் சொட்டும். "இதை மாட்ட வேற இடமே இல்லையா உனக்கு?" என்று நான் கத்துவேன். "வெயில்ல போட்டா விறைச்சுடும்க்கா" என்று அறைக்குள்ளிருந்து பதில் வரும். பதில் சொல்கிறவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. கொழுந்தனுக்கு வெளியூரில் வேலை, இவள் புவியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் மழைத்தண்ணீர் எப்படி வடிகிறது என்று ஆராய, எங்கள் வீட்டில் பத்து மாதம் தங்கினாள். அந்தப் பத்து மாதத்தில் எனக்கு வந்த எரிச்சலை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

நானும் புவியியல் தெரிந்தவள்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நதிகள், மண் வகைகள், பருவக்காற்று, தலைநகரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே அவள் வந்த புதிதில் சற்று உரிமையோடுதான் கேட்டேன்: "இதுல ஆராய்ச்சி பண்ண இன்னும் என்ன மிச்சம் இருக்கு? எல்லாம்தான் போன்லயே மேப் வந்துடுச்சே." அவள் சண்டைக்கு வரவில்லை. "போன்ல தெரு இருக்கும்க்கா. மழை பேஞ்சா எந்தத் தெருவுல தண்ணி நிக்கும், ஏன் நிக்கும்னு இருக்காதே" என்றாள். சொல்லிவிட்டு, குழாயின் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டாள். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அப்படியே போயின.

அவள் வேலை செய்கிற விதம் ஒரு தலைவலி. செயற்கைக்கோள் படம் கணினியில் இருக்கும். இருந்தாலும் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்ததை ஒருவரிடம் கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை நம்ப மாட்டாள். அதே கேள்வியை வேறொரு தெருவில் இன்னும் இரண்டு பேரிடம் கேட்பாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் எனக்குச் சலிப்பு வரும், அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பாள். தாலுகா ஆபீசில் பழைய கிராம வரைபடத்துக்கு மனு போட்டுவிட்டு, அது கிடைக்கிறவரை நான்கு முறை பஸ் ஏறிப் போய் வந்தாள். பத்து நிமிஷத்தில் நடக்கக்கூடிய வரப்பில் அவளோடு நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வருவாள். மாமியார் என்னைப் பார்ப்பார், நான் கூரையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் ஊரில் சிலரிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, எதையும் பார்க்காமல் நம் ஊரை வரையுங்கள் என்றாள். நானும் வரைந்தேன். வீடு, கோயில், குளம், ரேஷன் கடை, பஸ் நிற்கிற இடம், பள்ளிக்கூடம், கடைசியில் எங்கள் வயல். வகுப்பில் கரும்பலகையில் வரைந்து பழகிய கை, நேர்த்தியாகவே வந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க கிளாஸ்ல எத்தனை பிள்ளைங்க கீழத்தெருவுலேருந்து வர்றாங்க?"

"பாதிக்கு மேல."

"கீழத்தெரு எங்கக்கா இருக்கு?"

தாளில் இல்லை. நான் வரைந்த ஊர் எங்கள் வயலோடு முடிந்திருந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் அறுபது வீடு இருக்கிறது. அங்கிருந்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் நான் இந்தியாவின் எல்லைகளைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தாள்ல இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். தாளின் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அந்தத் தாளை மற்றத் தாள்களோடு அடுக்கி வைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கீழத்தெருவில் ஒரு பெண்ணும் படம் வரைந்து கொடுத்திருந்தாள். நாற்று நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள். அவள் மகள் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தாள். அந்தப் படத்தில் கோயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நடுவில் வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால். அது கீழத்தெருவிலிருந்து கிளம்பி எங்கள் வயல் வரப்பில் முட்டி நின்றது. முட்டிய இடத்தில் பேனாவை அழுத்தி நாலைந்து முறை தேய்த்திருந்தாள்.

மழைக்காலத்தில் கீழத்தெருவில் தண்ணீர் நிற்பது எங்கள் ஊரில் யாருக்கும் செய்தி அல்ல. "அது பள்ளம், நிக்கத்தான் செய்யும்" என்பார்கள். நானும் வகுப்பிலேயே அப்படிச் சொல்லியிருக்கிறேன். தாழ்வான பகுதிகளில் வெள்ளம் தேங்கும் என்று சொல்லி, எடுத்துக்காட்டாக அந்தப் பிள்ளைகளின் வீடுகளையே காட்டியிருக்கிறேன். ஓரகத்தி அதை அளந்து பார்க்கலாம் என்றாள். ஐம்பது ஐம்பது அடியாக, கீழத்தெருக் கடைசி வீட்டு ஓரத்திலிருந்து எங்கள் வயல்வரை. ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கீழத்தெரு பள்ளமே இல்லை. எங்கள் வயலைவிட நான்கு விரற்கடை மேடு. தண்ணீர் தன்பாட்டுக்கு எங்கள் வயல் பக்கம் இறங்கி, அதற்கப்பால் இருக்கிற வடிகாலுக்குப் போயிருக்க வேண்டும். பழைய வரைபடத்தில் அதற்கு வழியும் இருந்தது. எங்கள் வயலின் குறுக்கே இரண்டு கோடுகள், நடுவில் வாய்க்கால் என்ற எழுத்து. இப்போது அந்த இடத்தில் எங்கள் நெல். கீழத்தெருப் பக்கம் அதை மறித்து, மாமனார் போட்டு உயர்த்திய, மாட்டுவண்டி போகிற அளவுக்கு அகலமான வரப்பு.

நான் முதலில் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். "இந்த ஒரு ஊரை விட்டுட்டு வேற ஊரைப் போட்டுக்கயேன். ஜில்லாவுல ஊரா இல்ல?" என்று அவளிடம் கேட்டேன். "மத்த ஊர்லயும் இப்படி ஒரு வீடு இருக்கும்ல அக்கா" என்றாள். அன்று சாயங்காலம் அவளே போய் மாமனாரிடம் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "சோறு போடுற நிலத்தையே காட்டிக்குடுக்க வந்தியா?" என்றார். என் கணவர் அவளுடைய கணவருக்கு அண்ணன், அவரை நேராகப் பார்த்து உதவி கேட்க முடியாது. ஆகவே என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். மறுநாளிலிருந்து மாமனார் அவள் இருக்கிற இடத்தில் சாப்பிட உட்காரவில்லை. இரண்டு பந்தி, இரண்டு தடவை சாதம். எரிச்சல் முழுவதும் அவள் மீதுதான் எனக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரே பந்தியாகப் போயிருக்கும்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தபோது என் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலி. தலைமையாசிரியர் விசாரித்து வரச் சொன்னார். அளக்கப் போனபோதுகூடத் தெருவின் ஓரத்தோடு திரும்பியவள், பதினைந்து வருஷத்தில் அன்றுதான் கீழத்தெருவுக்குள் போனேன். முழங்கால் அளவு தண்ணீர். படம் வரைந்த அந்தப் பெண் கட்டிலின் மேல் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். துணி காயப்போடுகிற கயிற்றில் மகளுடைய நோட்டுகள் தொங்கின. அதில் ஒன்றின் அட்டையில் நான் சிவப்பு மையில் போட்ட 'நன்று' கரைந்து ஒழுகியிருந்தது.

"எப்பலேருந்து இப்படி?" என்று கேட்டேன்.

"நான் கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து இப்படித்தான் டீச்சர்."

"யார்கிட்டயாவது சொல்றதுக்கென்ன?"

அவள் கஞ்சியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "உங்க வீட்டுலதான் டீச்சர் சொல்லணும். உங்க வயல்லதான வேலைக்கும் வர்றோம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஈரப்புடவையை மாற்றவில்லை. கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் வானிலை பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் போனேன். "என்னங்க, வரப்பை நீங்க வெட்டுறீங்களா, நான் போய் வெட்டவா?" அவர் மாமனார் இருந்த பக்கம் திரும்பினார். "பயிர் அழுகிடும்டி" என்றார். "அழுகட்டும். அங்க பிள்ளைங்க நிக்குது." மாமனார் எழுந்து உள்ளே போனார். கணவர் என்னையும் ஓரகத்தியையும் சேர்த்துத் திட்டினார். படித்த பெண்களை இந்த வீட்டில் கட்டியதே தப்பு என்றார். திட்டிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார். ஓரகத்தி குடையைக்கூட எடுக்காமல் அவருக்கு முன்னால் ஓடி, வெட்ட வேண்டிய இடத்தில் போய் நின்றாள். வரப்பு உடைந்ததும் தண்ணீர், நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததைப் போல, நேராக அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் போயிற்று. சாயங்காலத்துக்குள் கீழத்தெருவில் கணுக்காலளவுக்கு இறங்கிவிட்டது. எங்கள் வயலில் ஒரு மூலைப் பயிர் அழுகியதும் உண்மை.

அடுத்த கோடையில் பஞ்சாயத்தில் வாய்க்காலை முறையாக வெட்டினார்கள். எட்டடி அகலத்துக்கு வயல் போயிற்று. அதற்குள் ஓரகத்தி ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் கட்டுரையில் எங்கள் ஊருக்குப் பெயர் இல்லை, வெறும் எண்தான். எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாளாம். அதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மாமனார் அவளோடு பேசவில்லை. நல்லநாள், பெரிய நாளுக்கு அவள் வந்தால் தோப்புக்குப் போய்விடுவார்.

போன மாதம் பூதலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் வயலைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். மாமனார்தான் காட்டினார், நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் போனேன். வந்தவர் வரப்பில் நின்று, "அந்தத் தென்னை வரைக்கும் உங்களுதுதானுங்களே?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் மாமனார். "நடுவுல இருக்கறது வாய்க்கால். அதுல கை வைக்கக் கூடாது."

பிறந்ததிலிருந்தே தெரிந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார். இதைச் சொல்ல உங்களுக்கு இரண்டு வருஷமா, இரண்டு பந்தி எதற்கு, நான் வடித்த சாதம் எதற்கு என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓரகத்திக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா" என்றாள், "மாமா சொன்னப்போ வாய்க்கால்ல தண்ணி ஓடுச்சா, நின்னுச்சா?"

போனை வைத்துவிட்டேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கப் போனேன்.