பாட்டனார் ஒட்டிவைத்த டிக்கெட்டுகள்

சுலைஹா பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தால் பினாங்கு சூலியா தெருவில் ஓடுகிற ரிக்‌ஷாக்கள் அத்தனையும் நின்றுவிடும். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊத மறந்துவிடும். பள்ளிவாசல் புறாக்கள்கூட இறக்கையை மடித்துக்கொண்டு கேட்கும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். நின்றது ஒரே ஒரு ரிக்‌ஷா. அதுவும் அச்சாணி கழன்று நின்றது. புறா விஷயத்துக்குச் சாட்சி கிடையாது. ஆனால் அசர் தொழுகை முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் வாசிப்பதைக் கேட்க மாடியேறி வந்தார்கள் என்பது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

அவள் பிறந்ததும் அந்த வீட்டில்தான். கீழே கடை, மேலே குடியிருப்பு. ஓதவும் தமிழ் எழுதவும் வீட்டிலேயே படித்தாள். ஆங்கிலம் படிக்க நாலாம் வகுப்பு வரை பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அதற்குமேல் வாப்பா நிறுத்திவிட்டார். டீச்சரைவிட அவள் உயரமாகிவிட்டாள் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க ஆபீஸ் கிராணி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர். காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் ஜாதிக்காய் ஊறுகாய் போடும் ஜாடியுமாகப் படகேறி, அண்ணன் ஜபருல்லாவின் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடிந்த மறுநாளே ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். துக்கத்தை நீட்டி முழக்குகிற சுபாவம் அவளுக்கு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் ஆண்டில் ஒரு நாள். அரிசி விலை, ரங்கூன் கப்பல் வரும் நேரம் எல்லாம் வாசித்து முடித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். பினாங்கு ரோட்டுக் கொட்டகையில் தமிழ் பேசும் படம் வருகிறதாம். வியாழக்கிழமை பகலில் பெண்களுக்கு மட்டும் தனிக் காட்சி. உள்ளே ஓர் ஆண்கூட இருக்கமாட்டான். வாசலில் டிக்கெட் வாங்குபவரும் பெண்ணே.

வாசித்தவள் முதலிலிருந்து மறுபடியும் வாசித்தாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் பத்திரிகையில் ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கோ நெஞ்சுக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. திரையில் ஒருத்தி வாயைத் திறந்தால் தமிழ் வருமாம்! அதைக் காதால் கேட்டுவிட வேண்டும். வேறு எதையும் அவள் அந்த வருஷம் கேட்கவில்லை.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சைத் தொடங்கினாள்.

“நானா, வியாழக்கிழமை பொம்பளைங்களுக்குன்னு தனி ஆட்டம் வச்சிருக்காங்களாம்.”

“வச்சிட்டுப் போகட்டும்.”

“நானும் நோர்மாவும் போயிட்டு வரலாமா?”

“நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமில்ல.”

ஜபருல்லா கெட்டவன் அல்ல. அதிர்ந்து பேசமாட்டான். ஆனால் பேசியதை மாற்றவும்மாட்டான். அவன் மனைவி நோர்மா, மலாய்த் தாய்க்கும் தமிழ் வாப்பாவுக்கும் பிறந்தவள், ரசத்தைக் கிண்டிக்கொண்டே சுலைஹாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளுக்கும் ஆசைதான். ஆசையைச் சொல்கிற வேலையை நாத்தனாரிடம் விட்டிருந்தாள்.

சுலைஹா யோசித்தாள். பாவம் என்று சொல்லியிருந்தால் விஷயம் மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் போய்விடும், அதோடு சரி. ஆனால் நானா சொன்னது பாவம் என்று இல்லை. பழக்கம் என்றுதான். பழக்கம் உண்டா இல்லையா என்பதற்குச் சாட்சி தேடலாமே?

சாட்சி கடைப் பரணிலேயே கிடந்தது. அது அவர்களுடைய பாட்டனார் அப்துல் ஹமீது வைத்துவிட்டுப்போன டிக்கெட்டுப் புத்தகம். நாற்காலி, விளக்கு, ஜமக்காளம், திரைச்சீலை வாடகைக்கு விடும் கடையைத் தொடங்கியவர் அவர்தான். போன நூற்றாண்டில் பினாங்கில் கல்யாணமோ மவுலூதோ வெள்ளைக்காரர் நடனமோ எது நடந்தாலும், உட்காருகிறவர்களின் பாரத்தைத் தாங்கியவை அவருடைய நாற்காலிகள். சாமான் அனுப்பச் சொல்கிறவர்கள் மரியாதைக்காக டிக்கெட்டும் அனுப்புவார்கள். அதையெல்லாம் ஒட்டிவைத்த புத்தகம் அது. பெருநாள்தோறும் விருந்தாளிகள் முன்னால், “எங்க பாட்டனாரு போகாத விருந்தா, பார்க்காத கூத்தா! புத்தகமே இருக்கு!” என்று மார்தட்டுவது வேறு யாருமல்ல, ஜபருல்லாவேதான். தட்டியதோடு சரி. புத்தகத்தை அவன் திறந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவன் சாமான் ஏற்றிக்கொண்டு போன சமயம் நோர்மா பரணில் ஏறினாள். ஜமக்காளக் கட்டுகளுக்கு அடியிலிருந்து புத்தகம் வந்தது. கூடவே நாலைந்து பாச்சைகளும் வந்தன. இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து பிரித்தார்கள்.

முதல் பக்கத்தில் படகுப் பந்தயம். ஓரத்தில் பொன்னிற மை பூசிய தடித்த அட்டை. ஆண்டு ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலு. அடுத்தது குதிரைப் பந்தயம், பிறகு பூக்கண்காட்சி, மாய விளக்குக் காட்சி. பார்சிக் கம்பெனி நாடகத்துக்கு மூன்று நிறத்தில் மூன்று டிக்கெட். மகாராணியின் ஜூபிலிக்கு நடந்த வாணவேடிக்கைக்கு நீல அட்டை. அதில் வரைந்திருந்த கிரீடத்தைப் பூச்சி பாதி தின்றிருந்தது. பழைய கஞ்சிப் பசையின் வாசம் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் பாட்டனார் அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார். ‘மழை. ஆட்டம் பாதியில் நின்றது.’ ‘பாடியவளுக்குத் தொண்டை சரியில்லை.’ ‘துரை மேசைமேல் ஏறினார்.’

“மேசை மேலயா? எதுக்குக்கா?”

“குடிச்சிருப்பான். எழுதலை. ஆனா பாட்டனாரு பார்த்திருக்காரு. நேர்ல போனாத்தானே இதெல்லாம் தெரியும்?” சுலைஹாவுக்கு வழக்கில் ஜெயித்த மாதிரி முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சி நாலு பக்கம் தாங்கவில்லை. டிக்கெட்டின் மேல்மூலையில் பொடி எழுத்தில் ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது. அடுத்ததிலும் அதே சொல். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘லேடி.’ எல்லாவற்றிலும் லேடி.

“அப்படின்னா?” என்றாள் நோர்மா.

“பொம்பளை டிக்கெட்டுன்னு அர்த்தம். வெள்ளைக்காரன் ஜோடியாத்தான் கூப்பிடுவான். ஆம்பளைக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு.”

“ஆம்பளை டிக்கெட் எங்கே லா?” நோர்மாவின் தமிழில் மலாய் ‘லா’ ஒட்டிக்கொண்டே வரும்.

“எங்கே இருக்கும்? அவரு போயிட்டாருல்ல. வாசல்ல வாங்கிக்கிட்டான்.” சுலைஹா புத்தகத்தை மூடினாள். “போகாதவங்களோடதுதான் மிச்சம்.”

பாட்டனார் போனார், அவர் மனைவி பாட்டியா போகவில்லை. நானா இதைப் பார்த்தால் வழக்கு அவன் பக்கம் சாய்ந்துவிடும். சுலைஹா தன் வலது கைக் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தாள். ஊறுகாய்க்குக் காய் நறுக்கி அகன்றுபோன விரல். மூலையில் வைத்தால் அந்தச் சொல் சரியாக மறைந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜபருல்லா மாமனாரோடு வந்தான். இஸ்மாயில், நோர்மாவின் வாப்பா. ஒரு காலத்தில் கிராம்பும் மிளகும் மூட்டை மூட்டையாக ஏற்றுமதி செய்தவர். இப்போது எழுபதை நெருங்கி, மகள் வீட்டு மதியச் சோற்றை மட்டும் ஒழுங்காக இறக்குமதி செய்துகொண்டிருந்தார். சோறு பரிமாறியதும் சுலைஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணன் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

“நானா, நம்ம குடும்பத்துல பழக்கமில்லன்னு சொன்னீங்க. இந்தா, படகுப் பந்தயம். இந்தா, நாடகம். இது ஜூபிலி வாணம். பாட்டனாரு போகாத கூத்தான்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

அவள் பக்கத்தைத் திருப்பத் திருப்பக் கட்டைவிரலும் மூலைக்கு மூலை தாவியது. ஜபருல்லா சோற்றைப் பிசைந்தபடி பார்த்தான். டிக்கெட்டை அல்ல, விரலை.

“விரலை எடு.”

“விரல்ல என்ன இருக்கு?”

“ஊறுகாய் எண்ணெய் இருக்கு. அட்டையில படுது. எடு.”

எடுத்தாள். கொட்டகைகளுக்கும் மன்றங்களுக்கும் நாற்காலி போட்டே வளர்ந்தவன் அவன். எந்த வரிசை யாருக்கு என்று தெரிந்துகொள்ள அவன் படித்திருந்த ஆங்கிலச் சொற்களில் ‘லேடி’யும் ஒன்று. இடது கையால் நாலு பக்கம் தள்ளினான். பிறகு சிரித்தான். சிரிப்பு அவனுக்கு அடிக்கடி வருவதல்ல. வந்தால் யாராவது தோற்றிருப்பார்கள்.

“எல்லாம் பொம்பளை டிக்கெட்டு. ஒண்ணுகூடக் கிழியலை. இதுக்கு என்ன அர்த்தம்? பாட்டியா ஒண்ணுக்கும் போகலை. நான் சொன்னதுக்கு நீயே சாட்சி கொண்டு வந்திருக்கே. மாமா, நீங்க சொல்லுங்க, சரிதானே?”

“சோறு சாப்பிடும்போது நான் சாட்சி சொல்றதில்ல,” என்றார் இஸ்மாயில். ஊறுகாயை இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சுலைஹாவுக்கு முகம் சிவந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று எழுந்தவள் எழுந்த இடத்திலேயே நின்றாள்.

“சரி நானா. பாட்டியா போகலை. வேணாம்னா அந்தச் சீட்டைக் குப்பையில போட்டிருக்கலாமே? எதுக்குக் கஞ்சி காய்ச்சி ஒட்டினாரு? அடியில எழுதியிருக்கறதைப் பாருங்க. பாடினவளுக்குத் தொண்டை சரியில்லை, துரை மேசையில ஏறினாரு. யாருக்குச் சொல்றதுக்கு இது? வீட்டுல உட்கார்ந்திருந்தவங்களுக்குத்தான். போய்ப் பார்த்துட்டு வந்து ஒட்டி, எழுதி, பாட்டியாகிட்ட காட்டியிருக்காரு. கூட்டிட்டுப் போக முடியலையேன்னு அவருக்கே இருந்திருக்கு.”

“அது உன் கற்பனை.”

“கற்பனைன்னே வச்சுக்குங்க. வியாழக்கிழமை கொட்டகையில பொம்பளைங்க உட்கார நாற்காலி யாரு கடையிலேர்ந்து போகுது?”

ஜபருல்லாவின் கை சோற்றிலேயே நின்றது.

“வாசல்ல தொங்கவிடுற திரைச்சீலை யாருது? நம்ம நாற்காலி போய்ப் படம் பார்க்கலாம். நம்ம திரைச்சீலை பார்க்கலாம். நாம போனா மட்டும் பழக்கமில்லையா? அதுங்களுக்கு எப்போ வந்துச்சு பழக்கம்?”

இஸ்மாயிலுக்குப் புரையேறியது. நோர்மா தண்ணீர் கொண்டுவந்து வாப்பாவுக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, இரண்டு சிவப்புச் சீட்டுகளை எடுத்துக் கணவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெண்கள் காட்சி, முதல் வகுப்பு என்று அவற்றில் அச்சடித்திருந்தது.

“இது எங்கேர்ந்து வந்துச்சு?” என்றான் ஜபருல்லா. அவனுக்கே தெரிந்ததைத்தான் கேட்டான்.

“உங்க கோட்டுப் பையில லா. டோபிக்குப் போடுறதுக்கு முன்ன பார்த்தேன். நாற்காலிக்குச் சொல்லிவிட்டவங்க கொடுத்ததுதானே?”

“கொடுத்தாங்க. மரியாதைக்கு வாங்கிக்கிட்டேன். வேணாம்னா சொல்ல முடியும்?”

“வாங்கினதைச் சொல்லலையே, நீங்க.”

கீழே கடையில் யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சுலைஹா புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள். அவற்றில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியே விரித்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

“இடம் இருக்கு நானா. அடுப்புல கஞ்சியும் இருக்கு. பாட்டியாவோடது மாதிரி இதையும் ஒட்டிடட்டுமா? நீங்க ஒரு வரி எழுதுங்க. படம் பேசுச்சா, இல்லையான்னு.”

ஜபருல்லா வெற்றுத் தாளைப் பார்த்தான். இரண்டு சீட்டையும் பார்த்தான். மனைவியைப் பார்த்தபோது அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதுதான் அவனுக்குப் புதிது. சாப்பிட்ட கையை உதறிவிட்டு, இடது கையால் புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளினான். சீட்டுகளைத் தள்ளவில்லை.

“மூடின வண்டியில போங்க. விட்டதும் நேரா வீடு. நின்னு யார்கூடயும் கதை பேசக் கூடாது.”

“பேசமாட்டோம். படம்தானே பேசப்போகுது,” என்றாள் சுலைஹா.

“வாயைக் குறை. இன்னும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க.” தோற்றவன் கடைசியாக ஒரு பிடிமானத்தைத் தேடிக் குரலை உயர்த்தினான். “நம்ம வீட்டுப் பொம்பளைங்க கூத்துப் பார்க்கப் போறது இதுதான் முதத் தடவை. ஊரே பார்க்கும். அதை ஞாபகம் வச்சு நடந்துக்கணும்.”

இஸ்மாயில் தட்டை வழித்து முடித்து, விரல்களைச் சுத்தமாக நக்கிவிட்டு, கைகழுவும் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முதத் தடவை இல்ல மருமகனே. அந்தப் புத்தகத்துல சர்க்கஸ் டிக்கெட்டு இருக்கா பாருங்க. இருக்காது. வாசல்ல கொடுத்தாச்சுல்ல. பாடாங்குத் திடல்ல கூடாரம் போட்டு யானை, புலியெல்லாம் இறக்கினாங்க. உங்க பாட்டியாவும் எங்க உம்மாவும் முன்வரிசையில உட்கார்ந்து முழுசும் பார்த்தாங்க. வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போனவன் நான். உங்க பாட்டனாருதான் கடைசிவரைக்கும் பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தாரு. அவருக்கு நாற்காலி கிடைக்கலை.”