அக்காவின் பெயர் வெட்டிய டம்ளர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம் என்று ஆரம்பி என்றார் சித்தப்பா. அக்காவோடு ஒரு நாள் பழகியவர்கூட அதைப் படித்தால் மலரை மடித்து விசிறிக்கொள்வார். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. நாக்கும் நீளம். யார் எதை மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். அவர் பட்டதைப் பட்டபடி எழுதுவதுதான் அவருக்கு மரியாதை என்று தோன்றியது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் அவர் அடிக்கச் சொல்லவில்லை.

அக்கா பிறந்தது திருப்போரூருக்குப் பக்கத்தில், அப்பாவின் ஊர்க் காலனியில். தாத்தா காலம் வரை அடுத்தவர் கழனியில் கூலி வேலைதான். அப்பா பத்தாவது படித்து, செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். அக்கா நடக்கத் தொடங்கிய சமயத்தில் குடும்பம் செங்கல்பட்டுக்கு வந்தது. நான் பிறந்தது இங்கேதான்.

அப்பாவின் இளமைக் கதை ஒன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஊர்த் தெரு டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று கிளாஸ்கள் தனியாக, வெளியே கூரை விளிம்பில் செருகியிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, கீழே வைக்க வேண்டும். கடைக்காரர் கிளாஸில் படாமல் டீயை உயரத் தூக்கி ஊற்றுவார். அப்பா ஒரு நாள் உள்ளே போய், பெஞ்சில் இருந்த கிளாஸை எடுத்து வாய் வைத்துக் குடித்துவிட்டார். அடித்துத் தெருவில் இழுத்துப் போட்டார்கள். இடது புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது அக்கா அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, “சொல்லு நைனா, அந்தக் கதையைச் சொல்லு” என்று நச்சரிப்பாராம். அப்பாவை அவர் கடைசி வரை நைனா என்றுதான் அழைத்தார்.

அக்கா பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனார். வீட்டில் இருக்கும்போது ரேடியோ பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே அவரும் பாடுவார். சுருதி சேராது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு இருமல் வந்தது. முதலில் ஜவுளிக்கடைத் தூசு என்றோம். பிறகு சளி என்றோம். மாலைக் காய்ச்சலும் சேர்ந்து ஆள் இளைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, நடுவில் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று நர்ஸம்மா ஒன்றுக்கு மூன்று முறை சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. கன்னம் தேறியது. தேறிய கன்னத்தைப் பார்த்து மாமல்லபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்.

அந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகும். போகிற இடத்தில் யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா பயந்தார். உடம்புதான் நன்றாக இருக்கிறதே, கல்யாணம் முடிந்து ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு செய்தார். பெரியவளுக்கு இந்த நோய் என்று வெளியே தெரிந்தால் சின்னவளை யார் கட்டுவார்கள் என்றும் சொன்னார். சின்னவள் நான்தான். மாத்திரைகளை அம்மா துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். மேளம் கொட்டிக் கல்யாணம் நடந்தது.

புகுந்த வீட்டில் அக்கா ஓர் ஆண்டுகூட இருக்கவில்லை. இருமல் திரும்பி வந்தது. ஒரு நாள் காலை, கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் வாசலிலேயே ரத்தமாகத் துப்பினார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். சீர்ப் பாத்திரங்கள் பின்னாலேயே சாக்கில் வந்தன. கூட வந்த மாமியார் வாசலில் நின்றபடி, “சொத்தைய மறைச்சு தள்ளிட்டீங்களே” என்று மட்டும் சொன்னார். கத்திரிக்காய் வாங்கி ஏமாந்தவர் மாதிரிதான் சொன்னார்.

பாதியில் விட்ட மருந்து இனி கேட்காது என்றார் புதிதாகப் பார்த்த டாக்டரம்மா. வேறு மருந்துகள், ஒன்றரை ஆண்டுக்கும் மேல். முதல் பல மாதங்கள் தினமும் ஊசி. வீட்டின் பின்பக்கம் விறகு போட்டிருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து அக்காவுக்குக் கட்டில் போட்டார் அப்பா. மறுநாள் பாத்திரக் கடைக்குப் போய், ஒரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, அக்காவின் பெயரை வெட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் அப்பா பெயர்தான் இருக்கும். அக்காவின் சீர்ப் பாத்திரங்களில்கூட மாப்பிள்ளை பெயர்தான் இருந்தது. தன் பெயரைப் பாத்திரத்தில் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “இன்னா நைனா, எம்பேர வெட்டினு வந்துகீற?” என்று சிரித்தார். மற்றதோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் என்றார் அப்பா. அக்கா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவின் புருவத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மா கொட்டகை வாசலில் நின்று, டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லி, சொம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். டாக்டரம்மா சொன்னது வாயை மூடி இருமு, காற்றோட்டமாகப் படு என்பதைத்தான். டம்ளரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

ஊசி போட்ட இடமெல்லாம் கொட்டைப் பாக்கு மாதிரி கட்டிக்கொண்டது. உட்கார முடியாது. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். மோரில் கலக்கிக் குடிக்கும் ஒரு மருந்துப் பொடி இருந்தது. குடித்த நிமிடமே வாந்தி வரும். வாந்தி எடுத்தால் மறுபடி குடிக்க வேண்டும். அக்கா அழுதுகொண்டே குடிப்பார். இன்னொரு மாத்திரை மூளைக்குப் போய் வேலை காட்டியது. சுவருக்குள்ளே யாரோ நடக்கிறார்கள் என்று சொல்லித் தகரத்தில் தலையை மோதிக்கொண்டார். பக்கத்து வீட்டார் பேய் என்றார்கள். சொந்தக்காரர்கள் பழம் வாங்கி வந்து, முன்வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அந்த முன்வாசல் நினைவிருக்கும்.

பிறகு காதில் இரைச்சல் தொடங்கியது. குக்கர் பக்கத்திலேயே கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். டாக்டரம்மா அக்காவையும் அப்பாவையும் உட்காரவைத்து விளக்கினார். இந்த ஊசியைத் தொடர்ந்தால் காது போகும், போனால் திரும்பாது. நிறுத்தினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் பேசினார்.

“காது போனா போவுது டாக்டரம்மா. இந்த வூட்ல எவன் நல்ல பேச்சு பேசறான், நான் கேக்கறதுக்கு? நீ போடு.”

காது போனது. நோயும் போனது. சளிப் பரிசோதனை திரும்பத் திரும்பச் சுத்தமாக வந்தது. டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி நீ யாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். கொஞ்சம் சதையும் போட்டது. அன்று வீட்டில் பாயசம். அம்மா அந்தப் பெயர் வெட்டிய டம்ளரைக் கழுவி மற்ற டம்ளர்களோடு அலமாரியில் கவிழ்த்தார். அக்கா நேராகப் போய் அதை எடுத்தார். கொட்டகைக்குப் போய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து ஊற்று என்று சைகை காட்டினார்.

நானும் அம்மாவும் கெஞ்சினோம். சித்தப்பா வந்து சத்தம் போட்டார், கேட்காத காதில் என்ன சத்தம் போட்டு என்ன? படுக்கையை மட்டும் உள்ளே மாற்றிக்கொண்டார். தண்ணீரோ காபியோ, எதுவானாலும் அந்த டம்ளரில்தான். அப்பா சாப்பிட உட்கார்ந்தால், எதிரே சற்றுத் தள்ளித் தரையில் அதை வைத்துக்கொண்டு அவரும் உட்காருவார். அதில் வெட்டியிருக்கும் எழுத்து அப்பா பக்கம் திரும்பியிருக்கும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தது. அப்பா தன் டீக்கடைக் கதையை யாரிடமும் சொல்லாமல் விட்டது அதன் பிறகுதான். அக்கா கொடுமைக்காரி என்று அம்மா என்னிடம் புலம்புவார். ஆமாம், கொடுமைதான். எங்களிடம் கற்றுக்கொண்டதுதான்.

திருவிடந்தை பக்கம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. பெரிய பெரிய இயந்திரங்கள் நாள் முழுக்க இரையும். மற்றவர்கள் தலைவலி என்று ஓடிய இடத்தில் அக்கா நிம்மதியாக விரிப்பு மடித்தார். என் கல்லூரிப் படிப்பு அந்த விரிப்புகளில் நடந்தது. ஒரு நாள் அவரைப் பார்க்க அங்கே போயிருந்தேன். டீ நேரம். கூட வேலை செய்யும் கன்னியம்மா தன் கிளாஸில் பாதி குடித்துவிட்டு நீட்டினார். அக்கா வாங்கி மடக் மடக்கென்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த டம்ளர் அப்பாவுக்கு மட்டும்தான் என்பது எனக்கு அன்று புரிந்தது. அப்பா தன் கையால் அதை விலக்க வேண்டும், அதுவரை விடமாட்டார். அப்பாவோ அதைத் தொடவே பயந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அக்காவைப் பின்பக்கம் இருக்கச் சொன்னார்கள். அக்கா டம்ளரோடு கூடத்துக்கு வந்து நடுவில் உட்கார்ந்தார். தனக்கே கேட்காத குரலில், தெருவுக்கே கேட்கும்படி, “எனக்கு டிபி இருந்துச்சு. இப்ப இல்ல. இவளுக்கு எப்பவும் இல்ல. கேக்கறதுன்னா இப்பவே கேட்டுக்கோங்க” என்றார். வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னார். அந்த வீட்டம்மா, காபியில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னார். அவர்தான் இன்று என் மாமியார்.

நோய் தின்ற நுரையீரலில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. போன ஆண்டு மழைக்காலத்தில் சாதாரணக் காய்ச்சலாக வந்தது நெஞ்சில் இறங்கியது. இது பழைய நோய் இல்லை, பழைய நோய் விட்டுப்போன ஓட்டை என்றார்கள். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். இந்த முறை உள்ளே வந்தார்கள். வழக்கப்படி ஆளுக்கு ஒரு சொட்டுப் பால் ஊற்றக் கிண்ணமும் கரண்டியும் தயாரானபோது அக்கா வாயை இறுக மூடிக்கொண்டார். கண் மட்டும் அப்பாவைத் தேடியது.

அப்பா சமையலறைக்குப் போனார். அந்த டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு வந்தார். அதை அவர் கையில் நான் பார்த்தது, வாங்கி வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான். கட்டிலில் உட்கார்ந்து, அக்கா பார்க்க, எல்லோரும் பார்க்க, விளிம்பில் வாயை வைத்துக் குடித்தார். பால் மார்பில் வழிந்தது. நிறுத்தாமல் குடித்தார்.

மூச்சுக்கு நடுவே அக்கா உரக்கக் கேட்டார். “இப்பத்தான் தாகம் எடுத்துச்சா, நைனா?”

அப்பா தலையை ஆட்டினார்.

“எனக்கு மிச்சம் கீதா?”

அப்பா டம்ளருக்குள் பார்த்தார். ஒன்றுமில்லை. வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பால், பால் என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா அடுப்படிக்கு ஓடி எடுத்து வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

மிச்சம் கேட்டாளே, அதுவே மன்னிப்புதான் என்று சித்தப்பா அப்பாவைத் தேற்றினார். இருக்கலாம். அக்கா குடித்திருப்பாரா, மூஞ்சியில் துப்பியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கு அக்கா வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையை மறைக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும், குத்த இடம் தேடித் தேடித் தானும் கண்கலங்கிய நர்ஸம்மாவுக்கும், பாதி டீயை நீட்டிய கன்னியம்மாவுக்கும், சர்க்கரை கேட்ட என் மாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பழத்தை வாசலில் கொடுத்தவர்களுக்கும் நன்றி. பழம் நன்றாகத்தான் இருந்தது.

இன்று மதியம் எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். பந்தியில் அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் பெயர் வெட்டிய பழைய டம்ளர் ஒன்று இருக்கும். ஓராண்டாக அவர் வேறு எதிலும் குடிப்பதில்லை. பரிமாறுகிறவர்கள் அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டாம். தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றவும் வேண்டாம்.