அறுபத்தொன்றாவது பெயர்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூறுகளின் தொடக்கம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஷிப்ட் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பேன். மேலே ஆட்களின் பெயர்கள். கீழே, பிட்டர் உள்ளே கைவிட்டுப் பழுதுபார்க்கும், ஓட்டக்கூடாத மெஷின்களின் எண்கள். மேஸ்திரி அதைச் சத்தமாக வாசித்த பிறகுதான் சுவிட்ச் போடுவார்கள்.

பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம். பெயர்களுக்கு அறுபது இடம், அதையடுத்து மெஷின் எண்களுக்கு இடம். பெயர்கள் அறுபதைத் தாண்டினால் அப்படியே நிறுத்திவிடும் சோதனை ஒன்று அந்த மொழியில் உண்டு. போடுவதும் எடுப்பதும் நம் இஷ்டம். அது அடிக்கடி நிறுத்தியது. எனக்கே பாடம் நடத்துகிறதா என்று தூக்கிவிட்டேன்.

அறுபதாவது பெயர், ஏழாம் நம்பர் மெஷினில் சிக்கி இறந்துபோன ஒருவருடையது. வேலை மனைவிக்குக் கிடைக்கும்வரை பெயரை எடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். 'வரவில்லை' என்று தினமும் கடைசியில் அச்சாகும்.

ஆண்டாள் தேரன்று நிறையப் பேர் லீவு. அவர்களை எடுத்துவிட்டுப் பதிலாட்களைச் சேர்த்து அச்சடித்தேன். மேஸ்திரி வாசித்துக்கொண்டே வந்தார். "ஓட்டக்கூடாத மிஷினு..." என்றவர், எண்ணுக்குப் பதிலாகச் செத்தவரின் பெயரை வாசித்துவிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, சுவிட்சுல கை வைக்காதீய! அவிய என்னமோ சொல்லுதாவ!" என்று ஒரு பெண் அலறினாள்.

சுற்றிப் பார்த்தார்கள். ஏழாம் நம்பருக்குள் முழங்கை வரை கையை விட்டபடி பிட்டர் வேலையாக இருந்தார்.

எல்லோரும் கற்பூரம் ஏற்றினார்கள். நான் அறைக்கு ஓடினேன். பதிலாள் ஒருவர் கூடியதில் செத்தவர் அறுபத்தொன்றாகித் தள்ளப்பட்டு, அடுத்த இடத்திலிருந்த '7' என்ற எண்ணின் மேல் போய் விழுந்திருந்தார். பேயுமில்லை, பிசாசுமில்லை, என் திமிர். ஆனாலும் உடம்பெல்லாம் புல்லரித்தது. அங்கே உயிரோடிருக்கும் ஒருவர் பெயர் விழுந்திருந்தால், அச்சுப்பிழை என்று சுவிட்சைத் தட்டியிருப்பார்கள். பிட்டரின் கை போயிருக்கும்.

அந்தச் சோதனையைத் திரும்பப் போட்டேன். மொழி என்னைக் கட்டிப்போடுகிறது என்று இன்றைக்கு யாராவது புலம்பினால் பற்றிக்கொண்டு வருகிறது. கட்டிப்போடட்டுமே! கட்டோடுதான் அது நம் கைக்கு வர வேண்டும். அவிழ்க்கிறவன் நாலு பேர் பார்க்க அவிழ்க்கட்டும்.

மத்தியானம் செத்தவரின் மனைவி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, அவிய வேற எதுவும் சொன்னாவளா?"

"இல்லக்கா."

"இன்னொரு தடவ அச்சடிச்சுப் பாருங்களேன்."

உண்மையைச் சொல்லத் துணிவில்லை. காலையில் போட்ட அதே பட்டியலை ஓட்டினேன். திரும்பப் போட்ட சோதனை அறுபதோடு நிறுத்திவிட்டது. பிரிண்டர் அசையவே இல்லை.

"ஏன் தம்பி, நான் வந்து கேட்டது அவியளுக்குப் பிடிக்கலையோ?"