அம்மா கோல் எடுக்காத பார்சல்

யோகன் இல்லாமல் வந்த பஸ்

அன்று காலை யாழ்ப்பாண பஸ் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தது. அதன் கண்டக்டர் யோகன் வரவில்லை. ட்ரைவர் இறங்கி முகம்கூடக் கழுவாமல் நேரே என் கவுண்டருக்கு வந்தார்.

"யோகனைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது, அண்ணை. பார்சலுக்கை கஞ்சா."

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பஸ் கம்பனியின் பார்சல் கவுண்டரைக் குலம் என்ற நான் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாமார் கட்டி அனுப்பும் மிளகாய்த்தூளையும் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவையும் கருவாட்டையும், கொழும்பில் படிக்கிற, உழைக்கிற பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும். பெயரைப் பார், போன் நம்பரைப் பார், பார்சலைக் கொடு. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். இவ்வளவுதான் என்று நானும் அந்தக் காலை வரை நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்திருக்கிறார்கள். பொலிஸ் நாய் பஸ்ஸின் கீழ்ச் சாமான் பெட்டிக்குள் ஏறியதும் ஒரு கருவாட்டுப் பெட்டியைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டது. நாயும் என்ன செய்யும், அதுவும் காலையில் சாப்பிட்டிருக்காது. அதை இழுத்து அப்பால் கொண்டுபோன பிறகுதான் பக்கத்தில் இருந்த மாவுச் சாக்கை மணந்து பார்த்தது. மேலே ஒடியல் மா, உள்ளே பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிய கேரளக் கஞ்சா. கடலால் வடக்குக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு எங்கள் பஸ்ஸில் ரிக்கெற் இல்லாமல் பயணம் செய்திருக்கிறது. அனுப்பியவரின் பெயர் பொய். எடுக்க வேண்டியவரின் போன் ஓஃப். பிடித்துக்கொண்டு போவதற்கு யாராவது வேண்டுமே. கையில் ரிக்கெற் புத்தகத்தோடு யோகன் நின்றான்.

அந்தச் சாக்கை அவன் ஏன் ஏற்றினான் என்று கேட்கலாம். பஸ் வெளிக்கிடும் நேரத்தில் ஒருவர் ஓடிவந்து, "தம்பி, பம்பலப்பிட்டியிலை படிக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டுச் சாமான்" என்று நீட்டியிருக்கிறார். எங்கள் ஆட்களிடம் தங்கத்தைக் கொடுத்துக் கொண்டுபோகச் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு என்றால் கேள்வியே கிடையாது. மறுத்தால் பாவம் என்று நினைப்பார்கள். கஞ்சாக்காரன் எங்களை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தான்.

சில கிழமைகள் ரிமாண்டில் இருந்துவிட்டு யோகன் பிணையில் வந்தான். முதலாளி அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்தார், ஆனால் ஒரு வார்த்தையோடு.

"இன்னொருக்கா உன்ரை பஸ்ஸிலை பிடிபட்டால், கம்பனி உன்னைத் தெரியாது எண்டுதான் சொல்லும்."

இன்னொரு முறை என்றால் வேலை மட்டுமல்ல, பிணையும் போய்விடும். அதன்பின் யோகன் ஒவ்வொரு பார்சலையும் உள்ளே பாம்பு இருப்பது போலத்தான் தூக்கினான். பகிடி விடுவதற்குப் பேர்போன பொடியன், மாவுப் பையைக் கண்டால் வியர்த்தான். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

வாங்குப் பாராளுமன்றம்

கவுண்டருக்கு முன்னால் ஒரு வாங்கு இருக்கிறது. பார்சல் எடுக்க வருகிறவர்கள் உட்காரப் போட்டது. ஆனால் அதில் நிரந்தர அங்கத்தவர்கள் இருவர். ஒருவர் வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற சிவஞானம் சேர். பக்கத்துத் தொடர்மாடியில் வசிக்கிறார். வீட்டில் பேப்பர் படித்தால் மனைவி மரக்கறி வெட்டச் சொல்வாராம், அதனால் இங்கே படிக்கிறார். மற்றவர் நாஸர் நானா. அடுத்த கடையில் போன் திருத்துகிறார், அதாவது கடையைத் திறந்து வைத்துவிட்டு இங்கே வந்து இருக்கிறார்.

அரசாங்கம் ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்க விடப் போகிறது என்ற செய்தி பேப்பரில் வந்த நாளிலிருந்து வாங்கில் வேறு கதை இல்லை.

"நல்ல விசயம்" என்றார் சேர். "டொலர் வரும். சாராயத்துக்கு வரி எடுக்கிற நாடு, இதின்ரை லாபத்தை மட்டும் ஏன் கள்ளனுக்கு விடவேணும்? சட்டமாக்கினால் கள்ளக் கடத்தல் தன்பாட்டிலை படுத்திடும்."

"சாராயத்துக்கு லைசன் குடுத்தீங்களே சேர், கள்ளக் கசிப்பு நிண்டுச்சா?" என்றார் நானா. "வெளிநாட்டுக்காரன் குடிச்சா மருந்து, நம்ம புள்ள குடிச்சா கேஸ். இது எனத்து ஞாயம்? ஒண்டும் வாணாம். கொண்டு வாரவன் எல்லாரையும் உள்ளுக்குப் போடோணும்."

"ஆயுர்வேத மருந்திலை அந்தக் காலம் தொட்டு இருக்கு, நானா."

"மருந்துல ஈந்தா மருந்துக்கடையில ஈக்கட்டும். மாவுச் சாக்குல எனத்துக்கு?"

இப்படித் தினமும் போகும். சேர் சட்டமாக்குவார், நானா தடை செய்வார், இடையில் நான் இருவருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். யோகன் அவர்களுக்கு முன்னால்தான் பார்சல்களை இறக்கி அடுக்குவான். அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கஞ்சாவுக்காக உள்ளே இருந்துவிட்டு வந்த ஒரே ஆள் அவன்தான் என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவேயில்லை.

அம்மாமாரின் கோல்

முதலாளி ஒரு சட்டம் போட்டார்: யாழ்ப்பாணத்தில் ஏற்றும்போதே ஒவ்வொரு பார்சலையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அது சில நாட்களே நின்றது. "என்னைப் பாத்தால் கஞ்சா விக்கிறவள் மாதிரியோ கிடக்கு?" என்று ஒரு ரீச்சர் அம்மா கேட்ட கேள்வியில் அங்கிருந்த கிளார்க் லீவு போட்டுவிட்டான்.

அப்போதுதான் எனக்கு என் போனைப் பற்றி யோசனை வந்தது. வெளியூர்க்காரருக்கு இது புரியாது. எங்கள் அம்மா ஒருவர் பார்சல் அனுப்பினால், பார்சலுக்கு முன்னால் அவருடைய போன் கோல் வந்துவிடும். பஸ் வவுனியா தாண்ட முன்னர் ஒன்று, வந்து சேர்ந்ததும் ஒன்று, பிள்ளை எடுத்தானா என்று ஒன்று, எடுத்த பிறகு உண்மையிலேயே எடுத்தானா என்று இன்னொன்று. எத்தனை வருடம் இந்த வேலையில் அதற்காகப் பல்லைக் கடித்திருக்கிறேன்! ஆனால் யோகனைப் பிடித்துக் கொடுத்த அந்தச் சாக்கு விசயத்தில் ஒரு கோலும் வரவில்லை. ஒன்றுகூட இல்லை.

உடனே என் கண்டுபிடிப்பை அறிவித்தேன்: அம்மா கோல் எடுக்காத பார்சல்தான் ஆபத்தான பார்சல். அப்படி ஒன்று வந்தால் எடுக்க வருகிறவருக்கு முன்னால் அவிழ்ப்பேன், சம்மதமில்லை என்றால் பொலிஸ். விஞ்ஞானி மாதிரி எல்லோருக்கும் இதைச் சொல்லித் திரிந்தேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், மரக்கறிக் கடையில் சொன்னேன், கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோதும் சொன்னேன். வெள்ளவத்தையில் ஒரு விசயத்தைப் பரப்புவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கேட்கக் கூடாத கஞ்சாக்காரனும் கேட்டுவிட்டான்.

பரவாயில்லை

ஒருநாள் யோகன் இறக்கிய பார்சல்களில் அரிசிமா என்று எழுதிய பை ஒன்று இருந்தது. அவன் அதைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தான். "பயப்பிடாதை" என்றேன். "தாய் விடியவே கோல் எடுத்திட்டா. மூண்டு தரம்."

"என்ன கேட்டவ, அண்ணை?"

"பார்சல் வந்திட்டுதோ எண்டு. வழியிலை செக்கிங் இருந்ததோ எண்டு. மகன் வருவான், குடுத்துவிடுங்கோ எண்டு."

"மகன் மெலிஞ்சு போனானோ எண்டு கேட்டவவோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. எங்கள் அம்மாமார் என்னிடம் கேட்காமல் விடாத கேள்வி அது. "நீங்கள் பிள்ளையைப் பாக்கிறனீங்கள்தானே, மெலிஞ்சு போனானோ?" நூறு கிலோ பிள்ளையின் தாயும் கேட்பார்.

"ரிமாண்டிலை என்னைப் பாக்க வந்த அம்மா கேஸைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கேல்லை, அண்ணை" என்றான் யோகன். "மெலிஞ்சு போனாய் எண்டு அழுதுபோட்டுப் போனவ."

நான் அந்த நம்பருக்குத் திருப்பிக் கோல் எடுத்து, போனை ஸ்பீக்கரில் வைத்தேன். சேரும் நானாவும் வாங்கிலிருந்து எழுந்து வந்து குனிந்தார்கள்.

"அம்மா, உங்கடை மகன் போன கிழமையும் இஞ்சாலை வந்தவர். ஆள் நல்லா மெலிஞ்சு போனார். இருமலும் கிடக்கு" என்று சும்மா அவிழ்த்துவிட்டேன்.

மறுபக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. "அது பரவாயில்லை, தம்பி. நீங்கள் பார்சலைப் பத்திரமாக் குடுத்துவிடுங்கோ."

நாஸர் நானா தலையில் கை வைத்தார். "பரவாயில்லையா? இது உம்மா இல்ல!"

அதன்பின் நடந்ததைச் சொன்னால் இருவரும் என்னோடு கோபிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். இத்தனை மாதம் கஞ்சாவைச் சட்டமாக்கிய சிவஞானம் சேர், "உடனை பொலிஸுக்குப் போன் எடும், குலம், நான் இஞ்சை பேப்பர் படிக்கத்தான் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டே வாங்கின் மறு அந்தத்துக்கு நகர்ந்தார். எல்லோரையும் உள்ளே போடச் சொன்ன நாஸர் நானாவோ, "பொலிஸ் வந்தா மறுபடி யோகனத்தான் பிடிக்கும். கடல் கிட்டத்தானே ஈக்கி, கொண்டு போய்ப் போடுங்க!" என்றார். எனக்கும் கடல்தான் சரி என்று பட்டது. பையைக் கொண்டுவந்தவன் யோகன். பிணையில் இருப்பவனும் யோகன். பொலிஸ் வந்தால் முதலில் யார் முகத்தைப் பார்க்கும்?

யோகன்தான் என் போனை எடுத்தான்.

"ஒளிச்சால் அது என்ரை பார்சலாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பொலிஸுக்கு அவனே எடுத்தான். தன் பெயரைச் சொன்னான், பழைய கேஸையும் சொன்னான்.

சிவில் உடுப்பில் வந்த பொலிஸ்காரர் இருவர் பையைத் தொடாமல் சேருக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தார்கள். சேர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் த்ரீவீலரில் 'மகன்' வந்து இறங்கினான். மெலிவாவது! த்ரீவீலரே அவன் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்தது. பையில் அவன் கைவைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். மாவுக்குள் இருந்தது நாங்கள் நினைத்ததேதான்.

அவர்களில் ஒருவரான சப் இன்ஸ்பெக்டர் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் சிரித்து, தன் அம்மாவும் ஊரிலிருந்து எடுத்தால் முதலில் மெலிந்து போனாயா என்றுதான் கேட்பார் என்றார். ஆனால் வாக்குமூலத்தில் அப்படி எழுத முடியாதாம். கிடைத்த தகவலின் பேரில் என்று எழுதினார். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் யோகனின் பெயர். சந்தேகநபர் என்ற இடத்தில் அவன் பெயர் இல்லை என்பதை நான் இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்தினேன். பழைய கேஸ் இன்னும் முடியவில்லை. இது அவனுக்கு உதவும் என்று லோயர் சொல்லியிருக்கிறார்.

யோகனின் வாக்கு

அடுத்த நாளே பாராளுமன்றம் கூடிவிட்டது. சேர் திரும்பவும் சட்டமாக்கினார், நானா திரும்பவும் தடை செய்தார். முந்தின நாள் இருவரும் கட்சி மாறியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் கேட்டேன், "யோகன், நீ என்ன சொல்லுறாய்?" என்று.

அவன் கையில் இருந்த பெட்டியை இறக்கி வைத்தான்.

"சட்டமாக்கினாலும் சரி, தடுத்தாலும் சரி, சேர். கஞ்சா ஆருடையதோ, அவர் தன்ரை சொந்தப் பேரை எழுதி அனுப்பட்டும். நான் உள்ளுக்கை இருந்த நாள் முழுக்க ஒரு கஞ்சா முதலாளியையும் காணேல்லை. என்னைப் போலச் சாமான் தூக்கினவைதான் இருந்தவை."

சேர் பேப்பரை மடித்தார். நானா தன் தேத்தண்ணியை அவனிடம் நீட்டினார். அப்போது என் போன் அடித்தது. ஒரு அம்மா, அன்று காலையில் மட்டும் மூன்றாவது தரம். பார்சல் வந்துவிட்டது, பிள்ளை எடுத்துவிட்டார், மெலியவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி வைக்கப் போனேன்.

"பொறுங்கோ தம்பி" என்றார் அவர். "அதைக் கொண்டு வந்த கண்டக்டர்ப் பொடியன் சாப்பிட்டவனோ?"

யோகன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். இன்னும் இல்லை அம்மா, இப்போது சாப்பிடுவான் என்றேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, அம்மாமாரின் கோலை வெட்டாதீர்கள். பார்சலைத் தூக்கி வருகிறவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்பவர்கள் அவர்கள் மட்டுமே.