‘ம்’ கொட்டியவர்கள்

கத்தி தொண்டைக்குழியைத் தொட்ட பிறகுதான் ஆரம்பிப்பார். “தம்பி, ஆண்டவர் எனக்குச் செஞ்சத ஒரு வார்த்தை சொல்லட்டுமா?” கத்தி அங்கே இருக்கும்போது மாட்டேன் என்று தலையாட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? வாயைத் திறக்காமல் “ம்” என்போம். அந்த ஓர் எழுத்து அவருக்குப் போதும். குடியை விட்டது, கோபித்துக்கொண்டு போன மனைவி திரும்பி வந்தது, கை நடுக்கம் நின்றது என்று வரிசையாக வரும்.

தெருமுனையில் ஒற்றை நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. ஆண்டவர் செய்ததை இப்படி நாலு பேரிடம் சொல்வதற்கு ஜெபக்கூட்டத்தில் ‘சாட்சி’ என்று பெயர். தன் சாட்சியைச் சொல்லி முடிக்காமல் யாரையும் எழுந்து போக விடமாட்டார் என்பதால் எங்களுக்கு அவர் சாட்சியண்ணன். மீசையில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, கதையின் முக்கியமான இடத்தில் நிறுத்திக்கொள்வார். பாதி மீசையோடு எங்கே ஓடுவது? கிண்டல் செய்தாலும் கோபம் வராது. “எனக்கு நல்லது நடந்திருக்கு. அத நானே வச்சுக்கிட்டா எப்படி?” என்பார்.

பதினொரு வருடத்தில் என் கழுத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பதினொரு வருடமும் நான் “ம்” கொட்டியிருக்கிறேன். வெளியே வந்து அவரைப் போலவே பேசிக் காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருக் கணக்கு வாத்தியார் பக்கவாதத்தில் விழுந்தார். சாமி, கோயில் என்று எந்தப் பக்கமும் போகாத மனிதர். பேச்சு போய் “ம்” மட்டும் மிஞ்சியிருந்தது. வாரம் ஒருமுறை அண்ணன் வாத்தியாரின் வீட்டுக்கே போய்ச் சவரம் செய்துவிட்டு வந்தார். மூன்று மாதம் சாட்சியும் சொன்னார். “வாத்தியாரே மனசு மாறிட்டாரு” என்று கடையில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்திலும் சொன்னார்.

ஒருநாள் வாத்தியாரின் மனைவி தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். “அண்ணே, அவரு எல்லாத்துக்குமே ‘ம்’னுதான் சொல்வாரு. சரின்னா கைய விரிப்பாரு, வேண்டாம்னா மூடிக்குவாரு. நீங்க துணியப் போத்திடறீங்க, அதான் தெரியல.”

அண்ணன் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“நகம் உள்ளங்கையில பதிஞ்சு கெடக்கு தம்பி. மூணு மாசம். மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. மன்னிச்சுக்கங்க வாத்தியாரேன்னேன். அதுக்கும் ‘ம்’னாரு. கையப் பாக்க எனக்குத் தைரியம் வரல.”

அதன் பிறகு இரண்டு மாதம் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். பழகிய காதுக்கு அது என்னவோபோல் இருந்தது.

நேற்று என் முகத்தில் நுரை தடவியவர், கத்தியை மடக்கி அலமாரியில் வைத்தார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

“தம்பி, ஒரு வார்த்தை சொல்லட்டுமா?”

“ம்” என்றேன், பழக்கதோஷம்.

அண்ணன் கிட்டே வந்து, என் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கினார். மூடியிருந்த விரல்களை அவசரமாக விரித்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். துணியைப் பழையபடி இழுத்துப் போர்த்திவிட்டு, ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்தார்.