நிலவுக்குள் முயல்

மகள் பழகும் பொடியன் மெக்சிகோக்காரன் என்று அறிந்த நாளிலிருந்தே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவனை, பாரிசில் எங்கள் தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குச் சாப்பிடக் கூட்டிவருகிறேன் என்றாள். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் உறைப்புக்குப் பேர்போன கடையாகப் பார்த்து நான்தான் வரச்சொன்னேன். திணறட்டும் என்றுதான். அவனென்றால் சம்பலை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறான். பரிமாறியவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடட்டோ? அண்ணை, உங்களுக்குத் தண்ணி கொண்டுவரட்டோ?"

சரித்திரம் படிக்கிறவனாம். மேசையில் விரித்திருந்த காகிதத்தில் பேனையால் கீறிக் கீறிக் காட்டினான். அவன் நாட்டில் முந்தி நாவாட்டல் மொழி பேசியவர்கள் ஆட்களின் பெயரைப் படமாகத்தான் எழுதுவார்களாம். முதலில் ஆளின் தலை. அதிலிருந்து மெல்லிய கோடு. கோட்டின் நுனியில் பெயரின் பொருள்: கழுகென்றால் கழுகு, பாம்பென்றால் பாம்பு. அவர்களின் நாட்காட்டியில் நாளுக்கே 'மூன்று மான்' என்பதுபோலப் பெயராம்; பிறந்த நாளையே ஆளுக்குப் பெயராக வைத்திருந்தால், ஒரு மானும் மூன்று புள்ளிகளும்.

பிறகு என் மகளின் தலையை வரைந்தான். கோடு இழுத்தான். பிறை வடிவில் ஒரு பாத்திரம், அதற்குள் ஒரு முயல். அவர்களுடைய ஏடுகளில் நிலவு அப்படித்தானாம்.

நிலவு என்று பொருள்படும் பெயரை அவளுக்கு வைத்தவன் நான். அதைத் தமிழில் எழுதப் பழக்க எத்தனை சனிக்கிழமை அவளோடு மல்லுக்கட்டியிருப்பேன்! ஓர் எழுத்தும் ஏறவில்லை. இவன் ஒரு முயலைக் கீறினதும், அந்தத் துண்டைப் பக்குவமாகக் கிழித்துக் கைப்பைக்குள் வைக்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கும் விளங்கட்டும் என்று வேண்டுமென்றே பிரெஞ்சில் மகளைக் கேட்டேன், நிலவில் முயல் இருக்கிறதென்று உனக்கு முதன்முதல் காட்டியது யார் என்று. மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நீங்கள்தான். ஓல்னே-சூ-புவா வீட்டு பால்கனியில். தோளில் தூக்கி வைத்து, குளிருக்கு உங்கள் சால்வையைச் சுற்றிவிட்டு. பழகத் தொடங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டாள்."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறக்கவில்லை. நெஞ்சு குளிரத்தான் செய்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் என்று நான் வைத்திருந்தது அது ஒன்றுதான். அதையும் அவனிடம் கொடுத்துவிட்டாள்.